லாடம் கழற்றிய மறுநாள்

(கலிபோர்னியாவின் மில்பிடாஸில், குதிரை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களும் சவாரி கற்கும் பிள்ளைகளும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

புதிதாக வாங்கிய குதிரையின் நான்கு கால்களிலிருந்தும் லாடத்தைக் கழற்ற, கைதேர்ந்த லாடக்காரருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதன் பிறகு அந்தக் குதிரை சரளைக் கல்லின் மேல் தயங்காமல் நடக்க ஒரு வருடம்வரை ஆகலாம். அந்த ஒரு வருடத்தில் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறுங்காலுக்கு மாறுகிற குதிரை வலியைப் பொறுத்துப் பழக வேண்டிய அவசியம் இல்லை. அதற்கு வலிக்கிறது என்றால், தீனியிலோ தரையிலோ குளம்பைச் சீவுவதிலோ வேகத்திலோ நாம் ஏதோ ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். "நாலு நாள் நொண்டும், அப்புறம் தானாகப் பழகிக்கும்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு அனுபவசாலி சொன்னாலும், தயவுசெய்து ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

விலை கொடுத்துக் குதிரை வாங்குவது தமிழர்களுக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை பதிவு செய்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களின் வணிகர்கள் அங்கே குதிரைகளைக் கொண்டுவந்து கொள்ளை விலைக்கு விற்றதை விரிவாக எழுதியிருக்கிறார். மன்னர் ஒருவர் மட்டுமே ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவார், அவருடைய சகோதரர்கள் நால்வரும் அதே போல வாங்குவார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்கிறார். வேகவைத்த இறைச்சியும் சோறும் தீனியாகப் போட்டார்கள் என்றும், குதிரையின் காலையும் நோயையும் கவனிக்கத் தெரிந்தவர்கள் அந்த நாட்டுக்குள் போய்விடாமல் வணிகர்களே தடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்று கணக்குச் சொல்கிறார்.

எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் நடந்தது என்ன என்பதில் சந்தேகமில்லை. வாங்குவதற்குப் பணம் இருந்தது, வளர்ப்பதற்கு அறிவு போய்ச் சேரவில்லை. இன்று நமக்கு அந்த நிலை கிடையாது. டேவிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பள்ளி ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. வீட்டு வாசலுக்கே எக்ஸ்ரே கருவியோடு மருத்துவர் வருகிறார். இந்த வசதியில் இருந்துகொண்டு நம் குதிரை நொண்டினால் அதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

லாடம் எதற்கு என்பதை நம் ஊர் மாடுகளை வைத்தே புரிந்துகொள்ளலாம். சந்தையில் மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, பிளந்த குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் தனித் தகடாக வைத்து ஆணி அடிப்பார்கள். தார்ச்சாலையில் பாரம் இழுக்கிற வண்டி மாட்டுக்குத்தான் அது. சேற்றில் ஏர் இழுக்கிற மாட்டுக்குப் பொதுவாக லாடம் அடிக்கும் வழக்கமில்லை. ஒரே ஊர், ஒரே இனம், ஒரே தொழுவம். ஆனாலும் எந்தத் தரையில் என்ன வேலை என்பதைப் பார்த்து விவசாயி முடிவெடுத்தார். குதிரைக்கும் அதே அளவுகோல்தான். லாடம் பகையும் அல்ல, பாரம்பரியம் என்பதற்காகச் சுமக்க வேண்டியதும் அல்ல. குளம்பு தேயும் வேகம் வளரும் வேகத்தை மிஞ்சும்போது மனிதன் கண்ட தீர்வு அது. கேட்க வேண்டிய கேள்வி, என் குதிரைக்கு இன்று அந்தத் தேவை இருக்கிறதா என்பதுதான்.

இனி குளம்புக்குள் போவோம். வெளியே தெரிகிற கெட்டியான சுவர், மேலே மயிர் முடிகிற விளிம்பில் உற்பத்தியாகிக் கீழ்நோக்கி வளர்கிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். முன்நுனியில் மேலிருந்து தரைவரை புதுக் குளம்பு வந்து சேர 9 மாதம் முதல் 12 மாதம் ஆகும். குதிகால் பக்கம் உயரம் குறைவு என்பதால் அங்கே அதில் பாதிக் காலம் போதும். சுவருக்குள்ளே கால் எலும்பின் கடைசித் துண்டு இருக்கிறது. சுமார் 600 மெல்லிய மடிப்புகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்மடிப்புகள், அந்த எலும்பையும் சுவரையும் கோத்துப் பிடித்திருக்கின்றன. 500 கிலோ உடம்பு இந்தப் பிணைப்பை நம்பித்தான் நிற்கிறது.

அடியில் உள்ளங்கால். அதன் பின்பாதியில் முக்கோணமாக, ரப்பர் போன்ற மீள்தன்மையோடு இருக்கும் பகுதியை ஃபிராக் என்கிறோம். அதற்கு மேலே, குதிகாலுக்குள், ஒரு மெத்தை உண்டு. குதிரை குதிகாலை முதலில் ஊன்றி நடக்கும்போது ஃபிராக்கும் மெத்தையும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன, ரத்தம் நன்றாகப் பாய்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பவுக்கர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தப் பின்பகுதியைத்தான். நடமாட்டமும் தரையின் அழுத்தமும் கிடைத்தால் அது கெட்டிப்படுகிறது, கிடைக்காவிட்டால் சோனியாகவே நின்றுவிடுகிறது. லாடம் அடித்த காலில் சுவரின் விளிம்புதான் பெரும்பாலும் பாரம் தாங்கும். ஃபிராக் தரையைத் தொடுவது குறையும். வருடக்கணக்கில் அப்படி இருந்த குதிரைக்குக் குதிகால் இறுகி, உள்ளங்கால் மெலிந்திருப்பது இயல்பு. இரும்பு போன பிறகு மிஞ்சுவது அந்தக் கால்தான். அதனால்தான் முதல் நாளே மலையேறச் சொல்லக் கூடாது.

நம் பகுதியில் இது இன்னும் கவலைக்குரிய விஷயம். குதிரைப் பந்தயத் திடல்களில், சான் மேட்டியோவின் பே மெடோஸ் 2008-லும், விரிகுடாக் கரையில் இருந்த கோல்டன் கேட் ஃபீல்ட்ஸ் 2024 ஜூனிலும் மூடப்பட்டன. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரைகள் குறைந்த விலைக்கோ தத்தாகவோ குடும்பங்களுக்கு வருகின்றன. பார்க்க அழகு, குணத்தில் தங்கம். ஆனால் இரண்டு வயதிலேயே அலுமினிய லாடம் ஏறிய கால்கள் அவை. நாளின் பெரும்பகுதி லாய அறைக்குள் நின்றவை. நிறையத் தானியம் தின்று பழகியவை. இப்படி ஒரு குதிரையும், மலையடிவாரப் புல்வெளியில் பிறந்து வளர்ந்து ஐந்து வயதில் முதன்முதலாக லாடம் கண்ட குதிரையும் ஒரே கால அட்டவணையில் மாற முடியாது. ஆகவே வாங்கும்போது விலையும் வயதும் கேட்கிற அதே மூச்சில், லாடம் எந்த வயதில் ஏறியது, இதற்கு முன் எப்போதாவது கழற்றினார்களா, கழற்றியபோது எப்படி நடந்தது, குளம்பு அழற்சி வந்ததுண்டா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த வாரமே லாடத்தைக் கழற்ற வேண்டாம். இடம் புதிது, கூட்டுக் குதிரைகள் புதிது, தண்ணீர் புதிது, தீனி புதிது. இத்தனை மாற்றத்தோடு கால் மாற்றத்தையும் சேர்த்தால், நாளைக்கு அது சோர்ந்து நிற்கும்போது காரணம் எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தீனியை 10 முதல் 14 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அந்த நாள்களில் தினமும் காலைத் தூக்கிப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது என்று பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முன்னங்காலைத் தூக்கி, மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஃபிராக்கின் நடுப்பள்ளத்தைப் பாருங்கள். அது கட்டைவிரல் பதிகிற மாதிரி அகலமாக, ஆழமில்லாமல் இருந்தால் நல்லது. ஒரு கோடு போலக் குறுகி, குதிகால் வரை பிளந்து, கறுப்புக் கசிவும் அழுகல் வாடையும் இருந்தால் அதற்கு த்ரஷ் என்று பெயர். அந்தக் குதிரை குதிகாலை ஊன்றாது. ஊன்றினால் எரியும். அதனால் நுனியை முதலில் வைத்து நடக்கும். எங்கள் லாயத்தில் வேலை பார்க்கிற மெக்சிகோ நாட்டு அண்ணன் ஒருவர், கால் தூக்குவதற்கு முன்பே வாடையை வைத்துச் சொல்லிவிடுவார். தினமும் கால் சுத்தம் செய்கிறவர்களுக்கு இருக்கிற அறிவு அது. அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். த்ரஷ் ஆறாமல் லாடத்தைக் கழற்றுவது புண்காலில் செருப்பைப் பிடுங்குவதற்குச் சமம்.

அடுத்து காலைக் கீழே வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மயிர் விளிம்புக்குக் கீழே முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஒரு சாய்வில் இறங்கி, அதற்கப்புறம் சுவர் வெளியே விரிந்து வேறு சாய்வில் போகிறதா? மேலே தெரிகிற சாய்வில்தான் எலும்போடு சுவர் இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. கீழே விரிந்த இடத்தில் பிணைப்பு இழுபட்டிருக்கிறது. மாற்றம் சரியாகப் போனால், அந்த நல்ல சாய்வு மாதாமாதம் கீழே இறங்கி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைக் கூப்பிட்டு முன்னங்கால்களுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். எலும்பு எந்தக் கோணத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே உள்ளங்கால் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். 15 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் தைரியமாகத் தொடங்கலாம். 10-க்குக் கீழே என்றால் அந்தக் கால் பாதுகாப்பு இல்லாமல் ஒரு நாள்கூட சரளையில் நிற்கக் கூடாது.

கழற்றுகிற நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அடுத்த லாடம் அடிக்க வேண்டிய தேதிவரை காத்திருந்து, சீவித் தள்ளிவிட்டுக் கழற்றுவதைவிட, சுழற்சியின் நடுவில், சுவரில் கொஞ்சம் வளர்ச்சி இருக்கும்போது கழற்றுவது நல்லது. மடங்கிய ஆணி முனைகளை அரத்தால் தேய்த்து நிமிர்த்தி, ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். லாடத்தை மொத்தமாகப் பிடித்து நெம்பினால் ஆணித் துளைகளை ஒட்டிய சுவர் பெயர்ந்து வரும். உள்ளங்காலைக் கத்தியால் செதுக்க விடாதீர்கள். அங்கே இருக்கிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் இப்போது வேண்டும். ஃபிராக்கில் தொங்குகிற கிழிசலை மட்டும் எடுத்தால் போதும். சுவரின் விளிம்பைக் கூர்மையாக விடாமல் உருட்டி விடச் சொல்லுங்கள். அப்போதுதான் பிளவு ஓடாது. அதன் பிறகு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். உடம்பின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. அதனால் பின்னங்கால் லாடத்தை முதலில் கழற்றி, ஒரு சுழற்சி பார்த்துவிட்டு முன்னங்காலுக்கு வருவது பலர் கையாளும் வழி. மென்மையான காலுள்ள குதிரைக்கு அது நல்ல வழி.

இப்போது மறுநாள் காலை. குதிரையை மணலிலோ ரப்பர் விரிப்பிலோ வைத்திருக்கிறோம். வெளியே கொண்டுவருகிறோம். சமமான தார்த்தரையில் பத்தடி நடத்திப் பாருங்கள். வழவழப்பான தார் பார்க்கக் கடினமாக இருந்தாலும் குத்தாது, ஆகவே ஆரம்ப நடைக்கு அது ஏற்றது. கெட்டித் தரையின் மேல் உதிரிக் கல் கிடக்கும் பாதைதான் கொடுமை. கல் மண்ணுக்குள் புதையாது, நேராக உள்ளங்காலைக் குத்தும். குதிரை தலையைத் தூக்கித் தூக்கி நடக்கிறதா, எட்டுவைக்கும் நீளம் குறைகிறதா, ஓரத்துப் புல்லைத் தேடிப் போகிறதா, திரும்பும்போது தயங்குகிறதா? இவை எல்லாம் அது வாய்விட்டுச் சொல்ல முடியாத சொற்கள். அவற்றைக் கேட்டால் உடனே குளம்புக்குப் பூட்ஸ் போடுங்கள்.

குதிரை பூட்ஸ் பற்றிச் சிலருக்குத் தயக்கம் இருக்கிறது. இரும்பைக் கழற்றிவிட்டு ரப்பரை மாட்டுவதில் என்ன பயன் என்கிறார்கள். பயன் இருக்கிறது. பூட்ஸை வேலை முடிந்ததும் கழற்றலாம். ஆணி கிடையாது. உள்ளே மெத்தை விரிப்பு வைக்கலாம். அது இருக்கும் தைரியத்தில் குதிரை குதிகாலை ஊன்றி நடக்கும். அப்படி நடந்தால்தான் நாம் சொன்ன பின்மெத்தை வளரும். சீவிய உடனே அகலமும் நீளமும் மில்லிமீட்டரில் அளந்து வாங்குங்கள். ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தால் சுழலும், சின்னதாக இருந்தால் குதிகாலை அறுக்கும். மேட்டில் ஏறி இறங்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் மாதம் கையில் பிடித்து நடத்துங்கள். ஒரே நீண்ட நடையைவிடக் காலையும் மாலையும் இருபது நிமிட நடை மேலானது. இரண்டாம், மூன்றாம் மாதங்களில் பூட்ஸோடு சவாரி, லாயத்தில் வெறுங்கால். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் குதிகால் பக்கம் புதிதாகி, பெரும்பாலான குதிரைகள் மணலிலும் புல்லிலும் வெறுங்காலோடு நன்றாக வேலை செய்யும். முழுக் குளம்பு புதிதான பிறகே சரளையைப் பற்றிப் பேச வேண்டும். நடுவில் ஒருநாள் குதிரை திடீரென்று மூன்று காலில் நின்றால் பதற வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம், மருத்துவர் வழி திறந்துவிட்டால் வடிந்துவிடும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னே சாய்த்து நின்று, குளம்பு சூடாக, கணுக்காலுக்குப் பின்னே நாடி தடதடவென்று அடித்தால் அது வேறு விஷயம். எலும்பைப் பிடித்திருக்கும் மடிப்புகளே அழற்சியில் இருக்கின்றன. லாமினைட்டிஸ் என்கிற அந்த நோய்க்கு அந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

லாமினைட்டிஸ் என்றதும் தீனிக்கு வந்துவிட வேண்டும். வெறுங்கால் மாற்றத்தில் தோற்றுப்போன பலரின் கதையில், குற்றம் சீவியவர் கையில் இல்லை, தீனித் தொட்டியில் இருக்கிறது. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தால் சுவர்ப் பிணைப்பு தளர்கிறது, கால் நெருஞ்சி மேல் நடக்கிற மாதிரி கூசுகிறது. நடைமுறை என்ன? வெல்லப்பாகு சேர்த்த தானியக் கலவையை நிறுத்துங்கள். 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 7.5 முதல் 10 கிலோ உலர் புல் அடிப்படைத் தீனி. உடல் பருத்த குதிரை, கழுத்து மேட்டில் கொழுப்பு கட்டிய குதிரை என்றால், சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் புல்லாகச் சோதித்து வாங்குங்கள். கலிபோர்னியாவில் தாராளமாகக் கிடைக்கிற ஓட்ஸ் உலர்புல்லில் இந்த அளவு பெரும்பாலும் அதிகம். தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊறவைத்து நீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரை குறையும். நம்மூரில் குதிரை மசால் என்று சொல்கிற ஆல்ஃபால்ஃபாவில் புரதம் அதிகம், கொஞ்சமாகச் சேர்க்கலாம். தாமிரமும் துத்தநாகமும் குளம்பின் கெட்டிப் பொருளுக்கு அவசியம். உலர்புல்லைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, எது குறைகிறதோ அதை மட்டும் ஈடு செய்யுங்கள்.

தரையைப் பற்றிச் சொல்ல, நம் கண்ணெதிரே இருக்கிற மலையே போதும். மில்பிடாஸின் கிழக்கில் எட் லெவின் பூங்கா இருக்கிறது. சாண்டி வுல் ஏரியிலிருந்து மானுமெண்ட் பீக் நோக்கி ஏறும் பாதைகள் 2,500 அடிக்கு மேல் கொண்டுபோய் விடுகின்றன. குதிரைகளுக்கு அனுமதியுள்ள பாதைகள் அங்கே நிறைய. அந்த மலையின் மண் நம் கரிசலைப் போன்ற களிமண். மழைக்காலத்தில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், கோடையில் வெடித்து இறுகிச் செங்கல்லாகிவிடும். நவம்பர் மழைக்குப் பிறகு தரை இளகுகிறது, சவாரியும் குறைகிறது. கழற்றுவதற்கு அது வாகான காலம். ஆனால் சேற்றிலேயே நிற்கும் குளம்பு ஊறி மெலியும், த்ரஷ் வரும். ஆகவே நிற்கிற இடத்தில் மட்டுமாவது நீர் தேங்காமல் பட்டாணிச் சரளை பரப்புங்கள். சுமார் 10 மில்லிமீட்டர் அளவில் உருண்டையான கல்லாக இருக்க வேண்டும், உடைத்த ஜல்லி கூடாது. உருண்டைக் கல் காலின் வடிவத்துக்கு நகர்ந்து கொடுத்து, ஃபிராக்கையும் உள்ளங்காலையும் வருடிக் கெட்டிப்படுத்தும். கிரேக்கப் படைத்தலைவர் ஜெனஃபன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே, லாயத்துக்கு வெளியே உருண்டைக் கற்களைப் பரப்பிக் குதிரையை அதன் மேல் நிறுத்தித் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறார். அவர் காலத்தில் ஆணி லாடம் வழக்கத்துக்கு வரவில்லை. குளம்பையே ஆயுதமாக வளர்க்க வேண்டியிருந்தது. பிப்ரவரி, மார்ச்சில் மலை பச்சைப்பசேல் என்று ஆகும்போது இன்னொரு எச்சரிக்கை. இரவு குளிர்ந்து பகலில் வெயில் அடிக்கிற நாள்களில் இளம்புல்லில் சர்க்கரை ஏறியிருக்கும். மாற்றத்தில் இருக்கிற குதிரையை அந்தப் புல்லில் நாள் முழுக்க அவிழ்த்துவிடாதீர்கள்.

இவ்வளவு உழைத்தால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். டெக்சாஸில் ஹூஸ்டன் காவல்துறையின் குதிரைப்படை 2000-களின் நடுவிலிருந்து லாடங்களைக் கழற்றத் தொடங்கி, நகரத்துக் கான்கிரீட்டில் வெறுங்கால் குதிரைகளோடு ரோந்து போனது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சுவீடன் அணி தடைதாண்டலில் தங்கம் வென்றபோது, பீடர் ஃப்ரெட்ரிக்சனின் ஆல் இன், ஹென்ரிக் வான் எக்கர்மேனின் கிங் எட்வர்ட் ஆகிய இரண்டு குதிரைகளும் லாடமில்லாமல் தாண்டின. நம் மாநிலத்தில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பைப் பந்தயம், சியெரா நெவாடா மலைகளைக் கடந்து 100 மைலை 24 மணி நேரத்தில் முடிக்கச் சொல்வது. அதில் பூட்ஸ் அணிந்த குதிரைகள் ஓடி முடித்ததோடு, முன்னணியில் வந்தவற்றுள் மிக நல்ல உடல்நிலையில் இருக்கும் குதிரைக்குத் தருகிற ஹாகின் கோப்பையையும் வென்றிருக்கின்றன.

அதே நேரத்தில், "காட்டுக்குதிரைக்கு யார் லாடம் அடித்தார்கள்?" என்ற கேள்வியோடு நிறுத்திவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பிரையன் ஹாம்ப்சனும் கிறிஸ் பொலிட்டும் பிரம்பி எனப்படும் காட்டுக்குதிரைகளை ஆராய்ந்தார்கள். அவை நாளொன்றுக்குச் சராசரியாக 16 கிலோமீட்டர் நடந்தன. நம் குதிரை நாள் முழுக்க ஒரு கொட்டடியில் நின்றுவிட்டு ஒரு மணி நேரம் வெளியே வருகிறது. இன்னொன்றும் அவர்கள் கண்டார்கள். அந்தக் காட்டுக் குளம்புகளிலும் நோய்க்குறிகள் கணிசமாக இருந்தன. இயற்கையில் இருப்பதாலேயே குளம்பு குறையற்றதாகிவிடாது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நடை. குதிரையைக் கூட்டாளிகளோடு திறந்த வெளியில் விடுங்கள். தண்ணீரை ஒரு மூலையிலும் புல்லை எதிர் மூலையிலும் வையுங்கள். அது தானாக நடக்கும்.

எல்லாக் குதிரைக்கும் வெறுங்கால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். எலும்பு முறிந்து ஆறுகிற காலுக்கும், சில மூட்டு நோய்களுக்கும், தேய்மானம் வளர்ச்சியை மிஞ்சுகிற தொடர் வேலைக்கும், லாடம் மருந்து. மருத்துவரும் லாடக்காரரும் அதைச் சொன்னால் கேளுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு குதிரை வருடக் கடைசியில் வலியோடு நடந்தால், திரும்ப லாடம் அடிப்பதில் அவமானம் எதுவும் இல்லை. நம் கொள்கைக்காக ஒரு வாயில்லாப் பிராணி நோகக் கூடாது. செலவு மிச்சமாகும் என்று மட்டும் கருதி இதில் இறங்கவும் வேண்டாம். முதல் வருடம் பூட்ஸ், எக்ஸ்ரே, புல் பரிசோதனை என்று பணம் போகும், நேரம் அதைவிட அதிகமாகப் போகும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சவாரிக்கு மட்டும் அழைத்துப் போகாதீர்கள். சீவுகிறவர் வரும் நாளில் பக்கத்தில் நிற்க வையுங்கள். மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டும்போது எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மாதாந்தரப் படம் எடுக்கிற பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். தான் ஏறி ஓட்டுகிற உயிர் எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்த பிள்ளை, அதை விரட்டி அடிக்காது.

நீங்கள் வாங்கியிருக்கிற குதிரைக்கு லாடம் வேண்டுமா வேண்டாமா என்று இன்றிரவே முடிவு செய்ய வேண்டாம். லாடக்காரர் அடுத்து வருவதற்குள் நான்கு காரியம் முடியுங்கள். நான்கு காலையும் தூக்கிப் பார்த்து த்ரஷ் இருந்தால் ஆற்றுங்கள். முன்னங்கால்களுக்கு எக்ஸ்ரே எடுங்கள். தீனியில் சர்க்கரையைக் குறையுங்கள். தினமும் நடக்க இடம் செய்யுங்கள். இந்த நான்கும் நடந்த பிறகு லாடம் இருந்தாலும் உங்கள் குதிரைக்கு நன்மை, கழற்றினாலும் நன்மை. இதில் எதையும் செய்யாமல் இரும்பை மட்டும் கழற்றினால், நாம் செய்தது மாற்றம் ஆகாது, ஒரு குதிரையின் பாதுகாப்பைப் பறித்தது மட்டும்தான் ஆகும்.